வெள்ளக்காலியைக் கட்டிப்போட்ட பத்து நாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் காலில் வந்துதான் நிற்கிறது. ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்குக் குதிகால் வெடிப்பு, ஒருவருக்குச் சர்க்கரைப் புண். போன மாதம் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோதும் ஆளுக்கொரு தைலத்தின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "உனக்கென்ன, கல்லுக் கால்" என்று கிண்டல் வேறு. எனக்குக் கால் என்றதும் ஞாபகம் வருவது என் கால் இல்லை, ஒரு பூனையின் கால். மண்டபத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் வீட்டில் இப்போது ஒரு பூனை இருக்கிறது. அதன் பாதம் துடைக்க வாசனை போட்ட ஈரத்தாள், பாதத்தில் தடவ ஒரு டப்பி மெழுகு, நகம் வெட்டத் தனிக் கத்தரி. போனில் பார்த்துப் பார்த்து எனக்குப் பாடம் எடுக்கிறாள்: விரலிடுக்கில் பார்க்க வேண்டுமாம், ஈரம் விடக்கூடாதாம், சிவந்திருந்தால் என்ன மிதித்தது என்று தேட வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்பது வயதில் இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தவள். கடைசியாகச் சொன்னதைத் தவிர.

கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்குக் கிழக்கே எட்டு வீடுகள் கொண்ட லைன் வீடு அது. தலைக்கு மேல் சிமெண்டு ஷீட்டு, காலடியில் பெயர்ந்த தரை, எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே அடிபம்பு. கம்பெனிகள் வருவதற்கு முன்னால் நைனா, அதாவது என் அப்பா, கழனி வேலைக்குப் போனவர். அவர் உழுத கழனியைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அதே கழனியில் எழும்பிய கம்பிக் கம்பெனியில் அவருக்கு டெம்பரவரியாக வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி அது. புதுசு புதுசாகக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. கழனியில் இருந்த எலிகளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அவை மொத்தமாக எங்கள் லைனுக்கு வந்துவிட்டன.

எதிர் வீட்டு அத்தையின் கைக்குழந்தையின் காது மடலை ஒரு எலி கடித்துவிட்டது. அத்தை சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள், மாமாவுக்கு நைனா கம்பெனியிலேயே கேட்டில் வாட்ச்மேன் வேலை. லைனில் அவர்கள் பேச்சுக்குத்தான் மரியாதை. காதில் கட்டுப் போட்ட அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பி அப்போது வயிற்றில். அவன் பிறந்து மூன்றாம் மாதம் அம்மா பொன்னேரிப் பக்கம் தாய் வீட்டிலிருந்து திரும்பியபோது, ஒரு தோளில் தம்பி, இன்னொரு கையில் ஒயர் கூடை. பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய கூடை. கூடைக்குள் பூனைக்குட்டி. பாசஞ்சர் வண்டியில் வரும் வழியெல்லாம் அது கத்திய கத்தலில் டிக்கெட் பரிசோதகரே வேறு பெட்டிக்குப் போய்விட்டாராம்.

உடம்பெல்லாம் சாம்பல் வரி, நாலு பாதம் மட்டும் வெள்ளை. யாரோ நாலையும் சுண்ணாம்புச் சட்டியில் முக்கி எடுத்த மாதிரி. வெள்ளக்காலி என்று பெயர் வைத்தது நான். நைனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"த பாரு, கொழந்த படுக்கற எடம். இது சேத்துலயும் சாக்கடையிலயும் மெறிச்சிக்கினு வந்து பாயில ஏறிச்சுன்னா, கோணியில கட்டி ஆரம்பாக்கம் தாண்டி வுட்டுட்டு வந்துருவேன். இன்னா, புரிதா?"

"நான் பாத்துக்கறேன் நைனா. தெனம் கால் கழுவி வுடறேன்" என்றேன்.

அப்படித்தான் பூனையின் கால் என் பொறுப்பானது. விளையாட்டில்லை. கால் அழுக்கானால் பூனை போய்விடும், பூனை போனால் எலி தம்பியைக் கடித்துவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைக் கோட்டை விட்டேன், இந்தக் கணக்கை மறக்கவே இல்லை.

சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் அந்த வேலை. ஓரம் சில்லு போன எனாமல் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. தம்பியின் பழைய இடுப்புத்துணியைக் கிழித்து வைத்திருப்பேன். பாவாடையை மடித்து அதில் அவளை மல்லாத்திப் போட்டு ஒவ்வொரு காலாகப் பிடிப்பேன். பாதத்தை லேசாக அழுத்தினால் நகமெல்லாம் வெளியே எட்டிப் பார்க்கும், விட்டால் உள்ளே போய்விடும். அதை எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்காது. அடியில் சதைத்திட்டு இளஞ்சிவப்பாக, குழந்தை உதடு மாதிரி இருக்கும். விரலிடுக்கில் வேலிக்கருவை முள், கம்பெனி வாசலில் கொட்டிக்கிடக்கும் இரும்புப் பிசிறு, சில நாள் மீன் செதில். எடுத்துவிட்டு, துடைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். முதல் வாரம் என் கையெல்லாம் கீறல். அப்புறம் அவளே வந்து மடியில் விழ ஆரம்பித்தாள்.

ஒருநாள் புதுத் தார் ரோட்டில் நடந்துவிட்டு வந்தாள். நாலு காலும் நாலு கறுப்பு உருண்டை. கல், தூசி, கோழி இறகு எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நான் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நைனா வந்தார். பையிலிருந்து மிஷின் துடைக்கும் பஞ்சு வேஸ்ட்டை எடுத்தார், அடுப்பங்கரையிலிருந்து கிருஷ்ணாயில் பாட்டிலை எடுத்தார்.

"எண்ணையில எப்பப் போறது? கம்பெனியில நாங்க கையே இதுலதான் கழுவறோம். பாரு, ஒரு நிமிட்ல."

ஒரு நிமிடத்தில் போனது என்னவோ உண்மை. வெள்ளைக் கால் பளபளவென்று வந்துவிட்டது. நைனா மீசையைத் தடவிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துப் பூனை வாயில் நுரை தள்ளியது. காலை நக்கி நக்கிக் கிருஷ்ணாயிலை எல்லாம் உள்ளே தள்ளியிருந்தது. இரண்டு நாள் சோறு தொடவில்லை. அம்மா நைனாவைத் திட்டிய திட்டில் லைன் முழுக்கச் சிரிப்பு. நைனாவும் சிரித்தார். "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆவலியே" என்றார். கம்பெனியில் மனிதனுக்கு ஒன்றும் ஆகாதது எதுவும் யாருக்கும் ஒன்றும் செய்யாது என்பது அவருடைய நம்பிக்கை.

பிறகு வெள்ளக்காலி தேறிவிட்டாள். அவள் வந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு எலி கூடத் தம்பியின் பாய்ப் பக்கம் வரவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒரு எலி கூட.

இப்போது நைனாவின் மூலையைச் சொல்ல வேண்டும். கம்பிக் கம்பெனியில் அவருக்கு ஆசிட் தொட்டியில் வேலை. துருப்பிடித்த கம்பிச் சுருளைத் தூக்கித் தொட்டியில் முக்கி எடுத்தால் துரு போய்விடும், அப்புறம் தண்ணீரில் அலசிச் சுண்ணாம்பில் முக்க வேண்டும். நாளெல்லாம் அதுதான். கம்பெனி முட்டி வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்திருந்தது. அதைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், வெளியே எடுத்துப் போனால் வேலை போய்விடும் என்று கேட்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். விட்டுவிட்டு வந்தால் அடுத்த ஷிப்ட் ஆள் அதைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய கிழிந்ததை வைத்துவிட்டுப் போய்விடுவான். அதனால் நைனா தினமும் பூட்ஸை உரப் பைக்குள் சுருட்டி, மேலே ஒரு கைலியைப் போட்டு மூடி, எதிர் வீட்டு மாமா டூட்டியில் இல்லாத கேட்டாகப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவருவார்.

வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கிழக்கு மூலையில் சாமி படத்துக்கு நேர் கீழே, தரை கொஞ்சம் மேடாக இருக்கும் இடத்தில், நாலாக மடித்த ஒரு கோணி. அதன் மேல் பூட்ஸ். மேலே ஆணியில் அவருடைய காக்கிப் பேண்ட். அந்த மூலையை அம்மா தினமும் பெருக்குவாள், யாரும் செருப்புக் காலோடு அந்தப் பக்கம் போகக்கூடாது. சோறு போடுகிற பொருள் அல்லவா? ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்தால், அம்மா பூட்ஸ் இரண்டையும் துடைத்து, மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் கடலையும் படைத்துக் கற்பூரம் காட்டினாள். நான் வெள்ளக்காலியையும் தூக்கிவந்து பக்கத்தில் உட்காரவைத்தேன். அதுவும் வேலை செய்கிற ஜீவன்தானே. அம்மா சிரித்துக்கொண்டே அவள் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் எரிச்சலாக இருக்கிறது.

அந்தப் பேண்டில் வாரத்துக்கு நாலு ஓட்டை விழும். அம்மா ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பாள். கோணியும் ஓரத்தில் கறுத்துப் பொடிந்துகொண்டே வரும். எலி கடித்தது என்று சொல்லி வேறு கோணி மாற்றுவோம். வீட்டில் பூனை இருக்கும்போது எலி எப்படிக் கோணியைக் கடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பூனையைப் பற்றி அவ்வளவு பெருமை பேசிய நான் கூடக் கேட்கவில்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. லைனுக்குப் பின்னால் கம்பெனிக் கழிவு ஓடும் கால்வாய் நிரம்பி, எங்கள் கொல்லைப்பக்கம் வரைக்கும் கறுப்புத் தண்ணீர் ஏறியது. வெள்ளக்காலி அதில் நடந்து நடந்து, முன்னங்கால் இரண்டிலும் விரலிடுக்கு சிவந்துவிட்டது. நக்கிக்கொண்டே இருந்தாள். நான் உப்புத் தண்ணீரை ஒரு வேளைக்கு இரண்டு வேளையாக்கினேன். கேட்கவில்லை. பஜாருக்கு அந்தப் பக்கம் மாட்டாஸ்பத்திரி இருந்தது. ஒயர் கூடையில் பூனையை வைத்து, நைனாவின் கிழிந்த குடையைப் பிடித்துக்கொண்டு நானே போனேன். மாடுகளுக்கு நடுவே பூனையோடு நின்ற என்னைப் பார்த்துக் கம்பவுண்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் நல்ல மனிதர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

"காலெல்லாம் சுத்தமாத்தான் வெச்சிகினுகீற. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல சார்."

"சரி, கேளு. அந்தக் கால்வா தண்ணிதான் இத்த அரிக்குது. பத்து நாளைக்கு வெளியவே வுடாத. காஞ்ச எடமாப் பாத்துக் கட்டிப் போடு. ரெண்டு வேளையும் கழுவி இந்த ஊதா மருந்தத் தடவு. சரியாப் பூடும்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கு என் மகள் போனில் படிப்பதும் அதையேதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் காய்ந்த இடம் என்று ஒன்றுதான் இருந்தது. ஷீட்டில் ஒழுகாத இடம், தரை மேடான இடம், அம்மா தினமும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் இடம். நைனாவின் மூலை.

"சாமி மூலையிலயே கட்டுடி. அங்கதான் ஈரம் கெடையாது" என்று அம்மாவும் சொன்னாள்.

ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவள் கழுத்தில் மாட்டினேன். பூட்ஸைக் கொஞ்சம் தள்ளி, அந்தக் கோணியின் மேல் அவளுக்கு இடம் போட்டேன். கெட்டியாக, சூடாக இருக்கும் என்று எண்ணம்.

இரண்டு வேளையும் கழுவினேன். ஈரக் காலோடு அவளைக் கோணியில் கொண்டுபோய் விட்டேன். கயிறு எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு, கோணியை விட்டு விலகி, வெறுந்தரையில் போய்ப் படுத்தாள். நான் தூக்கிவந்து மறுபடி கோணியில் விட்டேன். மறுபடி இழுத்தாள். மூன்றாம் நாள் கயிற்றைக் குட்டையாக்கினேன். தரை ஈரம் பட்டுவிடக் கூடாதே என்று. அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நிற்பாள், அப்புறம் அந்தக் காலை மாற்றித் தூக்குவாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "பரதம் ஆடறா பாரும்மா" என்று கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் சதைத்திட்டு வெள்ளையாக ஊறி உரிய ஆரம்பித்தது. முதலில் நன்றாக இருந்த பின்னங்கால்களும் சிவந்தன. நாக்கில் கூடப் புண். கால்வாய்த் தண்ணீரில் நடந்ததன் விஷம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வருகிறது என்றார்கள் எல்லோரும். நான் மருந்தை இன்னும் தடித்துப் பூசினேன். அவள் கத்துவதையும் நிறுத்திவிட்டாள். இழுப்பதையும் நிறுத்திவிட்டாள். பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது, "சமத்து" என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன்.

பத்தாம் நாள் பகலில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. வீட்டில் நாலு இடத்தில் ஒழுக்கு. பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டே பாத்திரம் மாற்றிமாற்றி வைத்துச் சலித்துப்போன அம்மா, "பேஜாராக்கீது" என்று முனகிக்கொண்டு, தன் பழைய சேலை ஒன்றை மடித்துக் கோணியின் மேல் போட்டு, அவனை அதில் படுக்கவைத்தாள். பூனையைக் கயிற்றோடு ஓரமாகத் தள்ளினாள். அவன் அதிலேயே ஈரம் பண்ணிக்கொண்டு, காலை உதைத்து உதைத்து, நன்றாகத் தூங்கிப்போனான்.

அவன் அலறிய சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். வலது குதிகால் செக்கச்செவேல் என்று, தோல் வழன்று தொங்கியது. பக்கத்தில் பூனை. அம்மா எதையும் யோசிக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்து அதை அடித்தாள். கயிறு குட்டை, ஓட இடமில்லை. சத்தம் போடாமல் அடி வாங்கியது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

அப்புறம் அம்மா சேலையை உதறினாள். உதறியதும் அது கையிலேயே பிய்ந்தது. நடுவில் ஓட்டை ஓட்டையாக. ஓரம் பழுப்பாகப் பொடிகிறது. அம்மா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய மாற்றுக் காக்கிப் பேண்டைப் பார்த்தாள். வாராவாரம் ஒட்டுப் போட்டவள், அந்த ஓட்டை அவளுக்குத் தெரியாதா? கோணியை ஒரு விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். குனிந்து பூனையின் ஒரு காலைத் தூக்கிப் பிரித்துப் பார்த்தாள். பத்து நாளாக நான் பிரித்துப் பிரித்துப் பார்த்த அதே கால். அதன்பின் என்னைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்துவிட்டு, தம்பியின் காலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றரை மணிக்கு நைனா ஷிப்ட் முடிந்து நனைந்துகொண்டு வந்தார். அம்மா சேலையை அவர் காலடியில் எறிந்தாள்.

"உன் கம்பெனி இன்னாத்த ஊட்டுக்குக் குடுத்தனுப்புதுன்னு பாரு."

அவர் சேலையைப் பார்த்தார். குழந்தையின் காலைப் பார்த்தார். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காஞ்சா செத்துப்பூடும்னுதான் நெனச்சேன்" என்றார். "தண்ணி மாரிதானே இருக்குது. காஞ்சுட்டா இன்னா இருக்கப்போவுதுன்னு..."

அம்மா அவர் காலைப் பிடித்து இழுத்து, பாதத்தைத் திருப்பினாள். அதுவரைக்கும் நான் அவர் உள்ளங்காலைப் பார்த்ததே இல்லை. விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, பூனைக்கு எப்படியோ அப்படியே. அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வாசலில் நைனா அம்மாவை நிறுத்தினார்.

"ஆசிட்டுன்னு சொல்லாத. எதிரூட்டுக்காரம்மா அங்க டூட்டியில இருப்பா. ஆசிட்டு ஊட்டுக்கு எப்டி வந்துச்சுன்னு கேப்பாங்க. பூட்ஸ எடுத்தாந்த சேதி கேட்டுக்குப் போச்சுன்னா, நாளைக்கே கார்டக் கிழிச்சிருவானுங்க. இன்னும் ரெண்டு மாசத்துல பர்மனெண்ட்டு."

"பின்ன இன்னான்னு சொல்ல?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "எலின்னு சொல்லு."

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிர் வீட்டு அத்தை பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எலி கடிச்சா பல்லு பதியுமே. இது வெந்த மாதிரி இல்ல இருக்கு?" என்றாள் நர்ஸம்மா. அம்மா தம்பியின் முகத்தைத் துடைத்தாள். நர்ஸம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு பாப்பா. எலியா?"

நான் தலையாட்டினேன். பெரிய எலி என்று கையை விரித்து அளவு கூடக் காட்டினேன்.

"ஊட்ல பூனை வெச்சிகினுகீறீங்களே, அது இன்னாத்த பண்ணிக்கினு இருந்துச்சு?" என்று அத்தை கேட்டாள்.

"இருந்து இன்னா பிரயோஜனம்" என்றாள் அம்மா.

எலிக்கடிக்கான ஊசியைப் போட்டார்கள். ஆசிட் புண்ணுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை யாரும் செய்யவில்லை, எப்படிச் செய்வார்கள்? தம்பி ஆறு வாரம் அழுதான். இன்றைக்கு அவனுக்குப் பேரன் எடுக்கிற வயது. செருப்பைக் கழற்றும்போது யாராவது அந்தத் தழும்பைக் கேட்டால், "கைக்குழந்தையா இருக்கும்போது எலி கடிச்சது" என்கிறான். பூனை தூங்கிவிட்டதாம், அதையும் சேர்த்துச் சொல்கிறான். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். நைனா பர்மனெண்ட் ஆனார். அதே தொட்டியில், அதே வேலை. கம்பெனியை இழுத்து மூடும் வரைக்கும் போனார். கடைசி வருஷங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அதற்கும் சர்க்கரை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

பூனையின் கதை அவ்வளவு நீளம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நைனா பூட்ஸையும் கோணியையும் தூக்கி வெளியே ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அம்மா அந்த மூலையைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினாள். நான் வெள்ளக்காலியைத் தூக்கிக் கொண்டுபோய் வாசலில், மழை படாத இடத்தில், பஞ்சுத் துணி விரித்து விட்டேன். கயிறு இல்லை. கதவு திறந்திருந்தது. அவள் எழுந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து, உள்ளே போனாள். ஜன்னல் கம்பிக்குக் கீழே, கோணி இருந்த அதே இடத்தில், போய் உட்கார்ந்துகொண்டாள். தூக்கிவந்து வெளியே விட்டேன். மறுபடி அங்கேயே போனாள். பத்து நாள் நான் சொல்லிக் கொடுத்தது அது. அதற்கப்புறம் மூன்று நாள் பால் குடிக்கவில்லை. நாக்குப் புண்ணால் குடிக்க முடியவில்லை என்று இப்போது தெரிகிறது. பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். நாலாம் நாள் காலையில் தொட்டபோது விறைத்திருந்தாள். பாதம் நாலும் ஊதா மருந்தால் கறுத்திருந்தது, ஒன்று கூட வெள்ளை இல்லை.

அடிபம்புக்குப் பின்னால் நைனா குழி வெட்டினார். மண்ணைத் தள்ளிவிட்டு ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தண்ணீர் பிடிக்க வந்த எதிர் வீட்டு அத்தை குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி, ஒரு பூனைக்குப் போயி இப்டி ஊளையுட்டுக்கினு குந்திகினுகீற? கொழந்தைய எலி கடிக்க வுட்டுட்டு வேடிக்க பாத்த பூனை. அது இருந்தா இன்னா, செத்தா இன்னா?"

நிமிர்ந்தேன். வாசற்படியில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "ஆமா அத்தை" என்றேன்.